தீர்த்தகிரி பி.ஏ., பி.எல். கேட்ட கேள்வி

இந்தத் தேசத்தில் நீதி இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் தர்மபுரி வக்கீல் தீர்த்தகிரி பி.ஏ., பி.எல். அவர்கள்தாம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் சந்தேகப்பட நாம் யார்?

1969-இல் அவரிடம் வந்து சேர்ந்தது காரிமங்கலம் பக்கத்துக் கொலை வழக்கு. பெரியண்ணன் என்ற விவசாயி கூட்டுக் கிணற்று மேட்டில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். பங்காளி முனியப்பனைப் போலீஸ் பிடித்தது. அவன் தரப்பு வக்கீல்தான் நம் தீர்த்தகிரி. கண்ட சாட்சி ராமக்காள் ஒருத்திதான். இருட்டில் முண்டாசு கட்டிய ஒருவன் ஓடினான், முனியப்பன் ஜாடையாகத் தெரிந்தது என்றாள். எதற்காக வெட்டினான் என்று கேட்டால் போலீசிடம் பதிலே இல்லை. தண்ணீர் முறைச் சண்டையை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. இன்ஸ்பெக்டர் உருட்டியும் மிரட்டியும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

வழக்கு தானாகவே செத்துக்கொண்டிருந்தது. சர்க்கார் வக்கீல் கொட்டாவி விட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஜெயம். சும்மா உட்காரவா தீர்த்தகிரி கறுப்புக் கோட்டு தைத்தார்? 'குறுக்கு விசாரணை'க்கு எழுந்தார்.

"ஏம்மா, முனியப்பனுக்கும் பெரியண்ணனுக்கும் ஏதாவது தகராறு உண்டா?"

ராமக்காள் திருதிருவென்று விழித்தாள். "அது ஊரு விசயங்க..."

"சத்தியம் பண்ணியிருக்கே! உள்ளதைச் சொல்லு!"

"அன்னிக்குப் பொழுதோட தண்ணி மொறைக்கு ரெண்டு பேரும் மம்முட்டியத் தூக்கிக்கிட்டாங்க. வெட்டாம வுடமாட்டேன்னு முனியப்பன் சத்தம் போட்டாரு. நாங்கதாங்க வெலக்கி வுட்டோம்."

கொட்டாவி பாதியில் நின்றது. ஜட்ஜ் பேனாவைத் திறந்தார். "போலீசால முடியாததை நான் வரவழைச்சேன் பார்த்தியா!" என்று குமாஸ்தாவின் காதில் சொல்லிக்கொண்டே தீர்த்தகிரி அமர்ந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. முனியப்பனுக்குத் தூக்கு.

தம் கேள்விதான் கெடுத்தது என்று தீர்த்தகிரிக்கே புரிந்துவிட்டது. ஐயோ, ஓர் உயிராயிற்றே! வெளியே சொன்னாரா? சொன்னால் அவர் என்ன வக்கீல்?

"அப்பீல் போட்டுடலாம்மா. மெட்ராசுக்கு நானே வந்து பேசறேன்."

முனியப்பன் மனைவி கண்ணம்மாள் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தாள். "வாங்க சாமி, வேணாங்கல. பேசாம மட்டும் இருங்க!"

ஐகோர்ட்டில் வேறொரு வக்கீல் வாதாடினார். பின்வரிசையில் தீர்த்தகிரி இரண்டு தடவை எழப் பார்த்தார். கண்ணம்மாள் கையெடுத்துக் கும்பிட்டே உட்கார வைத்தாள். சண்டை போட்டவனெல்லாம் கொலைகாரன் ஆகமாட்டான், இருட்டில் தெரிந்த முதுகு சாட்சியமும் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. முனியப்பன் விடுதலை!

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஊரே கூடியிருந்தது. தம் கழுத்துக்குத் தாமே வாங்கிவந்த ரோஜா மாலையைத் தீர்த்தகிரி கண்ணம்மாளிடம் நீட்டினார். "போடும்மா. உம் புருசன் உசுரைக் காப்பாத்தினவன் நான்."

அவள் மாலையை வாங்கிப் புருஷன் கழுத்தில் போட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு ஆரையும் கொல்லலைன்னு ஐகோர்ட்டே சொல்லிருச்சுங்க வக்கீலய்யா. உங்களைப் பத்தி அப்படி ஒண்ணும் சொல்லலைங்களே!"