பைசா கோபுரத்தை நான் நிமிர்த்திய கதை

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கப்பல் வேண்டும், பணம் வேண்டும், கம்பளிச் சட்டை வேண்டும் என்றெல்லாம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், பிள்ளைகளே. நம்பாதீர்கள். நானும் உங்கள் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, லண்டன், பாரிஸ், பைசா மூன்றையும் பார்த்து முடித்து, மத்தியானச் சோற்றுக்குக் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டவர்கள். பக்கத்தில் இருக்கும் புக்கிட் பாரு வரைகூடப் போகவில்லை.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த புதிது. எனக்குக் கல்யாணம் ஆன புதிது. நாடு தன்னைத் தானே ஆளத் தொடங்கிய அதே நேரத்தில் எனக்கு அந்த உரிமை போய்விட்டது. (அம்மா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அப்போது நான் ஜாசினுக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு ஆறாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்ததால் ஏழு என்று சொல்லிக்கொள்வேன். உங்கள் தாத்தா, அதாவது அம்மா அஞ்சலையின் அப்பா, ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். விடியும் முன்னே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அவர் ஓர் அதட்டல் போட்டால், ஆள் மட்டுமில்லை, கோழிகூட வேலைக்குக் கிளம்பும். அவருடைய மூத்த மருமகன், என் சகலை பரமசிவம், அதே தோட்டத்தில் கிராணி. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர். அவரை மாமா "மாப்பிள்ளை" என்பார். என்னைக் "கண்டக்டர்" என்பார்.

"மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு மீன் வை. கண்டக்டர் போதும்னு சொல்லிட்டாரு."

நான் எங்கே சொன்னேன்?

அந்த வயதில் எனக்கு வீடு வேண்டும், சைக்கிள் வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. மாமா வாயால் ஒரு தடவை "மாப்பிள்ளை" என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

"என்னங்க, அப்பாவுக்கு நம்ம போட்டோ ஒண்ணு அனுப்புவோம்" என்றாள் அஞ்சலை. "அக்காவும் அத்தானும் கல்யாணத்துக்கு எடுத்தது கூடத்து நடுவுல தொங்குது. நம்ம படம் ஒண்ணுகூட இல்ல. வர்றவங்கல்லாம் எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு நெனச்சுக்குவாங்க."

காஜா பெராங்கில் பஸ் ஓடும் சடக்கோரத்தில் ராஜா பிள்ளையின் ஸ்டூடியோ இருந்தது. அவர் சிட்டி கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழர்களின் கிராமம் அது. பெயர் தமிழ், நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் மலாய். படமெடுப்பதைவிட அவருக்குத் திரை வரைவதில்தான் பெருமை. பிஸ்கட் டப்பா மூடி, பழைய காலண்டர் இவற்றைப் பார்த்து ஊர் ஊராக வரைந்து, கயிற்றில் சுருட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு கயிற்றை இழுத்தால் லண்டன் இறங்கும். அதை ஏற்றிவிட்டு அடுத்ததை இழுத்தால் பாரிஸ்.

லண்டன் மணிக்கூண்டின் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்திருக்கிறது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஒரு தென்னை மரத்தை வைத்துவிட்டார். எந்த ஊர்த் திரைக்கு முன்னாலும் வாய் உடைந்த ஒரு பூச்சாடியை வேறு கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு கொக்குப் படம்.

எனக்கு ஸ்டூடியோ கோட்டு ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் இன்னோர் ஆள் குடியிருக்கலாம். முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப் மாட்டி இறுக்கினார். இடுப்புக்கு மேலேதான் எடுப்பார் என்று நினைத்து, நான் கைலியை மாற்றாமலே வந்திருந்தேன். மணிக்கூண்டின் அடிப்பாகத்தை எவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முழு உருவமாகவே எடுத்துவிட்டார். கோட்டு, டை, கட்டம் போட்ட கைலி, ரப்பர் செருப்பு: லண்டன் மாநகரில் உங்கள் அப்பா.

பாரிஸில் இரும்புக் கோபுரம். "ஜாங்கான் கெராக்!" என்று கையைக் காட்டினார், அசையாதே என்று. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி வந்து கோபுரத்தின் மேல் நிதானமாக ஏறியது. அஞ்சலை தலையைத் தூக்கி வாயைப் பிளந்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. ராஜா பிள்ளை ஓர் ஊருக்கு ஒரு தடவைதான் எடுப்பார்.

அடுத்துப் பைசா. திரை இறங்கியதும் பார்த்தேன். கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

நானோ கண்டக்டர். பஸ் சாய்ந்தால் ஒரு பக்கம் ஆள் கூடிவிட்டது என்று பார்த்தவுடன் சொல்கிறவன். "திரை கோணலா இருக்கு" என்றேன் மலாயில்.

"மெமாங் செங்கெட்!" என்றார் அவர். அது கோணல்தான், அப்படித்தான் இருக்கும் என்று பொருள்.

தவற்றை இவ்வளவு பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. உதவி செய்யாமல் எப்படி நிற்பது? இடது பக்கக் கயிற்றைப் பிடித்து, கோபுரம் நிமிரும்வரை இழுத்தேன். கோபுரம் நிமிர்ந்தது. முடிச்சு அவிழ்ந்தது. பைசா நகரம் மொத்தமாக எங்கள் தலையில் விழுந்தது.

உள்ளே இருட்டு, தூசி, அஞ்சலையின் குரல். "உங்களை யாரு ரிப்பேர் பண்ணச் சொன்னா?"

வெளியே வந்து பார்த்தால் பூச்சாடிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ராஜா பிள்ளை திரையை மறுபடி கட்டினார். நான் மறுபடி நிமிர்த்தச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் இஷ்டப்படியே கட்டிவிட்டுப் படத்தை எடுத்தார். அதில் கோபுரம் கம்பம்போல் நேராக நிற்கிறது. தரை மட்டும் சறுக்கு மரமாகச் சரிகிறது.

மூன்று படங்களின் பின்பக்கத்திலும் ஊர்ப் பெயர்களை என் அழகான கையெழுத்தில் எழுதி, பஸ்ஸில் வந்த தோட்டத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். 'திரை' என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருக்கலாம். அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து அதே ஆள் பஸ்ஸில் ஏறினார். என்னைப் பார்த்ததும் ஒரு கும்பிடு. "அண்ணே, மண்டோரு ஞாயித்துக்கெழமை உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு. கோழி அடிக்கிறாராம்."

எனக்காகக் கோழியா? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோழி நினைப்பில் மூளை வேலை செய்யவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்தால், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் வாழை மரம். உள்ளே தோட்டமே உட்கார்ந்திருந்தது. மாமா மாலையோடு வந்தார். என் கழுத்தில் போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை!"

பிள்ளைகளே, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் தெளிந்தபோதுதான் கரும்பலகையைப் பார்த்தேன். எங்கள் மூன்று படங்களையும் ஒட்டி, மேலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள்: 'ஐரோப்பா சென்று திரும்பிய நம் மண்டோர் மருமகன் பேசுவார்.'

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுதந்திரம் வந்துவிட்டது, துரை மூட்டை கட்டிக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விட்டார், அப்படியானால் நம் ஆள் ஒருவன் அந்த ஊரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன அதிசயம்?

அஞ்சலை என் காதில், "சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லலாம். அடுத்த நிமிடமே நான் மறுபடி கண்டக்டர். அதுகூடப் போகட்டும். மாமா முன்வரிசையில், தோய்த்த வேட்டியும் துண்டுமாக, இந்த நாட்டுக்கே சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் முன்னால் அந்தத் துண்டை எப்படி இறக்குவது?

எனக்குப் பொய்யும் வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று முடிவு செய்தேன். கேட்டால் மட்டும் பதில், அதுவும் நடந்தது மட்டும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஓர் அம்மா எழுந்தார். "லண்டன்ல கூட்டம் எப்படிய்யா?"

"நாங்க போனப்ப யாருமே இல்லம்மா. நாங்க ரெண்டு பேரு, படம் புடிக்கிறவரு, அவ்வளவுதான்."

"பின்ன? எல்லாரும் இங்கல்ல இருந்தானுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது.

"குளிரு தாங்குச்சா?"

"குளிரா? வேர்த்துக் கொட்டிருச்சு."

"அது சரி, அவங்க ராச்சியத்துல சூரியனே மறையாதாம்ல" என்று அந்த அம்மாவே பதிலையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அது என்ன, தென்ன மரம்?"

நான் வாயைத் திறக்கும் முன் மாமா எழுந்துவிட்டார். "ரப்பரை அள்ளிட்டுப் போனான், ஈயத்தை அள்ளிட்டுப் போனான். ஒரு தென்னங்கன்னை விட்டுட்டா போவான்? அதை விடுங்க, கைலியப் பாருங்கடா. லண்டனுக்கே போனாலும் நம்ம மாப்பிள்ள கைலியை விட்டுக் குடுக்கல!"

கைதட்டல். நான் கோபுரம்போல் நின்றுகொண்டிருந்தேன், பைசா கோபுரம்போல்.

அப்போதுதான் என் சகலை எழுந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர் எழுந்தால் கூடமே அடங்கும்.

"சகலை, ஒரு சின்ன சந்தேகம். பைசாவுல கோபுரம் சாஞ்சுல்ல இருக்கும்? புஸ்தகத்துல நான் படிச்சிருக்கேன். உங்க படத்துல நேரா நிக்குதே?"

எனக்கு அன்றுதான் தெரியும், அது சாய்ந்தே இருக்க வேண்டிய கோபுரம் என்று. ராஜா பிள்ளை அன்று பார்த்த பார்வை கண்முன் வந்தது.

"நாங்க போனப்பயும் சாஞ்சுதாங்க இருந்துச்சு" என்றேன். "நான்தான் கயித்தைப் புடிச்சு நிமித்துனேன்."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. "நம்ம ஆளுதான்யா நிமித்தியிருக்கான்! இத்தன வருசமா வெள்ளைக்காரன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

சகலை விடவில்லை. ஆபீஸ் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாரிஸ் படத்தின் மேல் பிடித்தார். "அப்ப இது என்ன? கோபுரத்து மேல ஏறுது. நாலு காலு, ஒரு வாலு. பஸ் நீளம் இருக்கு."

எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். "முதலையா?" "உடும்புடா!" "அதான் அஞ்சலை வாயப் பொளந்துகிட்டு நிக்குது!"

முடிந்தது. இனி தப்பிக்க வழியில்லை. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். "அது பல்லிங்க. நான் உண்மையச் சொல்லிடுறேன்..."

"ச்சு... ச்சு... ச்சு..."

கூடத்து உத்தரத்திலிருந்து ஒரு பல்லி குரல் கொடுத்தது. கேட்க வேண்டுமா? அத்தனை பேரும் விரலை மடக்கிப் பெஞ்சில் தட்டினார்கள். "பல்லியே சொல்லிருச்சு! உண்மைதான்!" பாரிஸில் பஸ் நீளத்துக்குப் பல்லி உண்டு என்பது அந்தத் தோட்டத்தில் அன்றோடு முடிவாகிவிட்டது. அதற்கு மேல் நான் சொன்ன உண்மை யார் காதிலும் விழவில்லை. சகலை பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். பல்லியோடு யார் வாதாடுவது?

"போதும், போதும். மாப்பிள்ளைக்குத் தொண்டை காஞ்சுருச்சு, கோழி ஆறுது" என்று மாமா கூட்டத்தைக் கலைத்தார்.

அன்று எனக்கு இரண்டு துண்டு கோழி. இரண்டையும் இலையில் ஒதுக்கிவிட்டேன். கிணற்றடியில் கை கழுவப் போனபோது, மாமா செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார்.

"மாப்பிள்ள, அந்தக் கொக்குப் பூச்சாடி லண்டனுக்கும் பாரிசுக்கும் உங்க கூடவே வந்துச்சா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"மூத்தவ கல்யாணப் போட்டோவுலயும் அது இருக்கு. வாய் ஒடஞ்சது. தெனமும் சோத்துக்கு உக்காந்தா எதுக்க அதைத்தான் பாக்குறேன்."

"தெரிஞ்சுமா, மாமா...?"

"மொதல்ல நானும் நம்பிட்டேன். ஊரெல்லாம் சொல்லியும் முடிச்சிட்டேன். இன்னிக்குக் காலையில படத்தை ஒட்டும்போதுதான் சாடியைப் பாத்தேன். அப்பறம் எந்த மூஞ்சியோட நிறுத்துறது?" செம்பைக் கீழே வைத்தார். "சரி, இந்தாளு எவ்வளவு புளுகுறான்னு பாப்போம்னுதான் உக்காந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். ஒண்ணுகூடப் புளுகல நீங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் செம்பையே பார்த்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை உங்க அத்தையக் கூட்டிட்டு வரேன்" என்றார். "அவளும் பாரிஸ் பாக்கணுமாம். பல்லியை மட்டும் வெரட்டி வைங்க, மாப்பிள்ள."

இப்படித்தான் உங்கள் தாத்தாவும் பாட்டியும் பாரிஸ் போனார்கள். நம் வீட்டு அலமாரிக்கு மேலே தொங்குகிறதே, அந்தப் படம்தான். பூச்சாடியைப் படத்தில் விழாதபடி அவர் தன் கையாலேயே நகர்த்தி வைத்துவிட்டார். அதன்பின் அவர் கண்மூடும்வரை என்னைக் கண்டக்டர் என்று அழைக்கவில்லை. பட்டப்பெயர் வைக்கும் வேலையைத் தோட்டத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏறும்போதே, "பாரிஸ்காரரே, ஜாசின் ரெண்டு!" என்பார்கள். வீட்டிலோ, அலமாரி ஆடினாலும் ஆணியில் காலண்டர் கோணினாலும் உங்கள் அம்மா சமையலறையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்: "அதான் பைசாவையே நிமித்துன ஆளு இருக்காரே."

போன வாரம், உங்களில் கடைசிக்குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து பூகோளப் புத்தகத்தை என் மடியில் விரித்தாள். அதில் பைசா கோபுரம், ராஜா பிள்ளையின் திரையில் இருந்ததைப் போலவே. அவள் முகத்தில் உண்மையான கவலை.

"அப்பா, நீங்க நிமித்துனது நிக்கல போல. மறுபடியும் சாஞ்சிருச்சு."