ராகு காலத்தில் வந்த முதல் பில்

கணினி வேலை பார்ப்பவனைக் கல்யாணம் முடியும்வரை மாமனாரின் கணினிப் பக்கமே விடக்கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது எனக்கும் கவிதாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. நான் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அவள் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்று பெயர். (ஆபீசில் பிரிண்டருக்குக் காகிதம் வைப்பதும் நான்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.) அவள் அப்பா புது மளிகைக் கடை திறக்க ஏற்பாடு செய்தபோது, பில் போடும் கணினியை நானே வலியப் போய்ப் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

சோதித்துப் பார்த்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க் போட்டேன். "சுவிட்ச் போட்டா கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துரும் மாமா" என்று பீற்றிக்கொண்டேன். பில் புரோகிராமைக் கையால் ஒருமுறை ஓடவிட்டேன், ஓடியது. மெஷினை அணைத்து மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் பில்லை எடுத்துச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அத்தை கணினிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஐயர் சொன்ன நேரத்தில் பட்டனை அழுத்தினார். திரை பளிச்சென்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமாவின் அண்ணன் ஒரு பாக்கெட் மஞ்சள் வாங்கினார். பில் மட்டும் வரவில்லை. 'நெட்வொர்க் இல்லை' என்றது கணினி.

"என்னா மாப்ள, நேரம் போவுது."

"ஒரு நிமிஷம் மாமா!"

அணைத்துப் போட்டேன், அதே கதை. பட்டு வேட்டியோடு மேசைக்கு அடியில் ஊர்ந்து, பிரிண்டருக்குப் போகும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பில் பட்டனைப் பேய் பிடித்தவன் மாதிரி அழுத்தினேன். இந்தக் கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

"யாரு இந்த ஈர மாலைய கேபிள் மேல போட்டது?" என்று கத்திவிட்டேன்.

மாலையைப் போட்ட அத்தை என்னைப் பார்த்தார்.

"அலாமாக், போச்சு!" என்றாள் கவிதா.

மாலையைக் கழற்றியும் பில் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. புது டிஸ்க்கின் வேகத்தில், திரைக்குப் பின்னால் ஓடும் பில் சர்வீஸ் துள்ளி எழுந்துவிடுகிறது. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமோ அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் நெட்வொர்க்கைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று திரும்பப் படுத்துவிடுகிறது. பிறகு கார்டு எழுந்தாலும் சர்வீஸை எழுப்ப ஆளில்லை. பழைய டிஸ்க் ஆமையாக ஊர்ந்ததால்தான் இத்தனை நாள் பிழைத்திருக்கிறேன்.

சர்வீஸைக் கையால் எழுப்பினேன். பிரிண்டர் உறுமியது. நான் பதற்றத்தில் அழுத்திய அத்தனை பில்லும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. ராகு காலத்தில், பில் கணக்குப்படி மாமாவின் அண்ணன் ஊருக்கே போதுமான மஞ்சளை வாங்கியிருந்தார்.

"இனிமே இப்படி ஆவாது மாமா. கார்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சர்வீஸ் எந்திரிச்சிருச்சு. இனி கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கிற மாதிரி மாத்திட்டேன்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க நல்ல நேரம் பாத்து ஆரம்பிக்கிறோம். லேட்டா ஆரம்பிக்கிறதுக்கா நீங்க படிச்சிட்டு வந்தீங்க?"

நல்லவேளை, கல்யாணம் நிற்கவில்லை. முகூர்த்தத்தில் நான் தாலியைக் கையில் எடுத்தேன். மேளக்காரர் கையை ஓங்கினார். மாமா குறுக்கே கை நீட்டினார்.

"கவிதா, நீ ரெடியாம்மா? மாப்ள அந்த சர்வீஸ் மாதிரி முன்னாடியே எந்திரிச்சிருவாரு லா!"

கல்யாண வீடியோவில் நான் தாலி கட்டுவது சரியாகத் தெரியாது. ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுதான் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தை அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறார்.