பெரியவருக்குப் பத்தியம்

"ரெண்டாவதுல எடுங்க," என்றாள் மனைவி.

மாப்பிள்ளை எடுத்தார். அவள் சொன்னது இரண்டாவது தெருவை. அவர் எடுத்தது இரண்டாவது கியரை.

நான்காவது கியரில் வழுக்கிக்கொண்டு போன கார், இரண்டாவதில் விழுந்ததும் ஓர் அலறல் போட்டது பாருங்கள், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை விழுங்கப் பார்த்தாள். எஞ்சினின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்களே எழுதாத இடத்துக்குப் போய் நடுங்கியது. மாப்பிள்ளை பதறி கிளட்சை மிதித்தார். முள் இறங்கி வந்தது. போன உயிர்தான் திரும்பி வரவில்லை.

"திரும்பச் சொன்னா திரும்பணும். கியரை ஏன் திருகுறீங்க?"

"தெருன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

கார் மாமனாருடையது. கூரை மடங்கும், இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாப்பிள்ளையைவிட வயதில் மூத்தது. அந்த வீட்டு மரியாதையிலும் அப்படியே. யாரும் அதைக் கார் என்று சொல்லிவிட முடியாது. 'பெரியவர்' என்றுதான் சொல்லவேண்டும். "பெரியவரைத் துடைச்சாச்சா?" "மழை வருது, பெரியவர் நனையப்போறார்."

மாமனாரும் மாமியாரும் வெளியூர் போயிருந்தார்கள். போகும்போது மாமனார் சாவியை மாப்பிள்ளை கையில் வைத்து அழுத்தினார்.

"நாளைக்கு வந்து பாப்பேன். விட்டுட்டுப் போனபடியே இருந்தா பெரியவர் இனிமே உங்களுக்குத்தான். இல்லைன்னா இருக்கவே இருக்கார் சின்ன மாப்பிள்ளை."

அந்தச் சின்ன மாப்பிள்ளையாகப்பட்ட சகலை, காரை மூடிவைக்க உறை தைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மாமனார் வீட்டுக்கு வந்து ஷெட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டிக். டிக். டிக்.

"கேக்குதா?"

"உங்க நெஞ்சா இருக்கும்," என்றாள் மனைவி.

இனி ஒருவர்தான் கதி. டாக்டர். மாமனாரின் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். குழலைக் காதில் மாட்டி எஞ்சினுக்கு நாடி பார்ப்பாராம். மாப்பிள்ளை அவரைப் பார்த்ததில்லை. மாமனார் சொல்லிக் கேள்விதான்: "டாக்டர் வைத்தியம் தலைகீழா இருக்கும். சொன்னதைச் செய்யணும். எதிர்க்கேள்வி கேட்டா போனை வெச்சிடுவார்."

மாப்பிள்ளை மாமியாருக்குப் போன் போட்டார்.

"அத்தை, மாமா டாக்டர் டாக்டர்னு சொல்வாரே, அவர் நம்பர் வேணும்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"சும்மா. ஒரு அவசரம்னா கையில இருக்கட்டும்னுதான்."

மாமியாரின் குரல் தழுதழுத்தது. "பெத்த பிள்ளைக்குக்கூட இந்த அக்கறை வராதுப்பா."

ஒரு காரின் மேல் இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் பாசத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி, மாப்பிள்ளை அந்த நம்பரை அழுத்தினார்.

"டாக்டர், நான் பெரிய மாப்பிள்ளை பேசறேன். நம்ம பெரியவருக்கு ஒரு சின்னப் பிரச்னை."

"என்ன ஆச்சு?"

"என் தப்புதான். நிதானமாப் போய்க்கிட்டிருந்தவரை அளவுக்கு மீறி விரட்டிட்டேன். ஒரே அலறல்."

"இந்த வயசுல அவரை எதுக்கய்யா விரட்டினீங்க?"

"கவனக்குறைவு டாக்டர். இப்போ உள்ள டிக் டிக்னு கேக்குது."

"கேக்கத்தான் செய்யும். கேக்கலைன்னாதான் கவலைப்படணும்."

"வால்வு ஏதாவது…"

"இருக்கலாம். திறந்து பாக்கற அளவுக்குப் போக வேண்டாம். முதல்ல எண்ணெயை நிறுத்துங்க."

"எண்ணெயையா? கொஞ்சம்கூட வேண்டாமா?"

"ஒரு சொட்டு உள்ள இருக்கக் கூடாது. வருஷக்கணக்கா சொல்றேன், அந்த வீட்டுல யார் காதுல விழுது?"

எதிர்க்கேள்வி கூடாது. மாப்பிள்ளை காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, திருகாணியைக் கழற்றி, மனைவியின் புது பேசினில் எஞ்சின் ஆயிலைக் கடைசிச் சொட்டு வரை வடித்தார்.

"ஏங்க, எண்ணெய் இல்லாம வண்டி எப்படி ஓடும்?"

"ஓடறதுக்கு இல்ல. வைத்தியத்துக்கு. பத்தியம்னு வெச்சுக்கோயேன்."

மறுபடி போன் போட்டார். "சுத்தமா நிறுத்திட்டேன் டாக்டர்."

"ரொம்ப நல்லது. இப்ப ஓய்வு குடுங்க. அதுக்காக அப்படியே போட்டு வெச்சிடாதீங்க, இறுகிடுவார். காலையில கொஞ்சம் நடமாட்டம் வேணும்."

"ஓட விடவா?"

"ஓடவா? வேணாம். இருக்கிற இடத்துலயே, மெதுவா. உடம்பு நல்லா சூடாகிற வரைக்கும்."

காலையில் மாப்பிள்ளை பெரியவரை முடுக்கி, இருக்கிற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டார். உடம்பு சூடாகத் தொடங்கியது. டிக் டிக் என்றிருந்தது டக் டக் என்றானது. பிறகு கடகட என்றது. பிறகு, பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்ததுபோல ஒரு பேரோசை. அதன்பின் ஒன்றுமே இல்லை.

"டாக்டர், டிக் டிக் நின்னுடுச்சு."

"என்னது, நின்னுடுச்சா?"

"முழுசா. உடம்பு அனலாக் கொதிக்குது. அசைய மாட்டேங்கறார்."

"நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்துங்க. பலமா, விட்டு விட்டு. நான் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

மாப்பிள்ளை பானெட்டின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். பழைய தகடு, பாவம், அப்பளம்போல உள்வாங்கியது. அவர் நிறுத்தவில்லை. மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்சி நின்றது. கையில் பெட்டியுடன் இறங்கிய மாமனார் ஷெட்டைப் பார்த்தார். பெட்டி கீழே விழுந்தது.

"மாப்பிள்ளை, பெரியவரை என்ன பண்றீங்க?"

"டாக்டர் சொன்னார் மாமா." அழுத்துவதை விடாமலே சொன்னார். "எல்லாம் அவர் சொன்னபடிதான். ஒண்ணுகூட என் இஷ்டத்துக்குப் பண்ணலை. இதோ, அவரே வந்துட்டார்."

ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பையும் கையுமாக இறங்கி ஓடிவந்த மனிதர் காரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் போய் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல், அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கிறீங்க," என்றார் மாமனாருக்குப் பல வருஷமாக இருதய வைத்தியம் பார்க்கும் டாக்டர். "அப்போ நேத்துலேருந்து நான் எண்ணெயை நிறுத்தச் சொன்னது யாருக்கு?"