காலி டைமண்டுக்கு வெச்ச குங்குமம்

அந்தக் குங்குமத்தை வெச்சது நான்தாங்க மேடம், எங்க சித்தார்த்தன் இல்ல. இதை மொதல்ல சொல்லிட்டு மரியாதையெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்னு இருக்கேன், ஏன்னா நான் பேச ஆரம்பிச்சா விஷயம் கடைசிக்குப் போயிடும்னு வீட்டுல சொல்லுவாங்க.

உயர்திரு எடிட்டர் பிரேமலதா மேடம் அவர்களுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தார்த்தனோட அத்தை வேணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரரும் ரெங்கநாதர் புண்ணியத்தில் நலம். சித்தார்த்தன் மட்டும் நலமில்லை, ரசஞ்சோத்தோட எழுந்துடறான். தங்கள் நலமும் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்.

சித்தார்த்தன் என் அண்ணன் மகன், முசிறிக்காரன். எங்க வீட்டு மாடியில உக்காந்துதான் உங்க ஆபீஸ் வேலை பார்க்கிறான். புரோகிராம் எழுதறதுக்கு முன்னாடி கட்டம் போட்டு, கோடு இழுத்து, இது இதுக்குள்ள அடக்கம்னு படம் வரைவாங்களாமே, அந்தப் படத்துக்கும் ஒரு மொழி இருக்காமே, அந்த மொழியோட விதிப் புஸ்தகத்துக்கு நீங்கதான் எடிட்டராம். அதுல பல வார்த்தைக்கு அர்த்தமே எழுதாம விட்டிருக்காம். அந்த அர்த்தத்தையெல்லாம் எழுதற வேலை எங்க பையனுக்கு. மொத மொதலா அவன் பேரு ஒரு புஸ்தகத்துல வரப்போகுதுன்னு முசிறி பூரா சொல்லிட்டேன். இப்ப அடுத்த வாரம் மீட்டிங்ல அவன் எழுதினதைத் தள்ளிட்டு, பேரையும் எடுத்துடப் போறீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

உங்க மொழியில டைமண்டு பிஸ்கட் மாதிரி ரெண்டு குறி இருக்காம். உள்ள கறுப்பா நிரப்பியிருந்தா, முழுசு அழிஞ்சா அதோட பகுதியும் கூடவே அழியும். காலியா இருந்தா, முழுசு போனாலும் பகுதி பொழைச்சுக்கும். ஆனா பகுதின்னா எதுன்னு புஸ்தகத்துல இல்லையாம். எனக்கு வெளங்க வெக்கறதுக்காகக் கேட்டான், "அத்தே, வாழையை வெட்டிட்டா தாரு என்ன ஆகும்?"

"எந்தத் தாரு? முத்தினதா, பிஞ்சா? முத்தினது சந்தைக்குப் போவும், பிஞ்சு மாட்டுக்குப் போவும்."

"சும்மா ஒரு தாருன்னு வெச்சுக்கங்க அத்தே."

"சும்மா ஒரு தாரு எந்தத் தோட்டத்துலடா காய்க்குது?"

தலையில கைய வெச்சுக்கிட்டு, "எங்க கமிட்டியிலயும் இதே சண்டைதான்"னான். அப்புறம் வாழையை விட்டுட்டு மாமாவைப் புடிச்சுக்கிட்டான். எங்க வீட்டுக்காரர் கைலாசபுரத்துல ஃபேக்டரியில ரிட்டயர் ஆனவரு, இன்னும் தூக்கத்துல ஷிப்டுக்குப் போறவரு. ஃபேக்டரின்னு ஒரு கட்டம், வேலையாள்னு ஒரு கட்டம், நடுவுல காலி டைமண்டு. ஃபேக்டரி போனாலும் மாமா இருப்பாருன்னு அர்த்தமாம். இந்த மாதிரி பக்கம் பூரா டைமண்டு.

அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "அத்தே, எனக்கு மீட்டிங், கோயிலுக்குப் போற வழியில ஜென்சி கடையில ஸ்கேன் பண்ணி மேடத்துக்கு அனுப்பச் சொல்லிடுங்க"ன்னு கொடுத்தான். போற வழியிலன்னுதான் சொன்னான். புள்ளையோட மொத எழுத்து, சாமி பார்க்காம போகலாமான்னு நான் திரும்பற வழியில போனேன். தாயார் சன்னதியில குங்குமம் கொடுத்தாங்க. ஓரமா உக்காந்து பேப்பரைப் பிரிச்சு நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினேன். பார்த்தா, அந்தக் காலி டைமண்டெல்லாம் வரிசையா வெறும் நெத்தியா நிக்குதுங்க! எங்க வீட்டுல மிக்ஸி, பிரிட்ஜ், மாமாவோட ஸ்கூட்டர் எதுவும் பொட்டில்லாம நிக்காது, பார்த்துப் பார்த்து யாரும் இப்ப கவனிக்கறது கூட இல்ல. மனசு கேக்கலீங்க. மோதிர விரலால ஒவ்வொண்ணுக்கா வெச்சேன், கோட்டைத் தாண்டாம, அவ்வளவு பதவிசா.

கடையில ஜென்சி, "ஆன்ட்டி, கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"ன்னுச்சு. "கலர் எதுக்கும்மா, கல்யாணப் பத்திரிகையா?"ன்னுட்டேன். மிஷினு என் குங்குமத்தையெல்லாம் கறுப்பாக்கி உங்களுக்கு அனுப்பிடுச்சு.

மறுநாள் நீங்க போன் பண்ணினப்ப நான் பக்கத்துல வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தேன். "என்ன சித்தார்த்தன், ஃபேக்டரியை மூடினா தொழிலாளிங்க எல்லாம் செத்துடுவாங்களா? யாரைக் கேட்டு எல்லாத்தையும் நிரப்பினீங்க?"ன்னு கேட்டீங்க. புள்ளை என் விரலைப் பார்த்தான். நகத்துல இன்னும் செவப்பு இருந்துச்சு. "என் தப்புதான் மேடம்"னு சொல்லிட்டான், என்னைக் காட்டிக் கொடுக்கல. மாமாதான், "என்னையவே சாகடிச்சிட்டியேடி"ன்னு அன்னையிலேருந்து ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாரு.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. காலின்னா வேணும்னே விட்டதா, வரைஞ்சவங்க மறந்து விட்டதான்னு உங்க புஸ்தகத்துல எங்கயாச்சும் எழுதியிருக்கா? இல்லையாமே! எழுதாத விதியை நான் எப்படிங்க மீறினதாகும்? அதையும் அவனையே எழுதச் சொல்லுங்க, பேரை மட்டும் எடுத்துடாதீங்க.

இன்னொரு வருத்தம். அந்த போனுக்கு அப்புறம் நடந்த மீட்டிங் எதுலயும் அவன் மூஞ்சி தெரியலைன்னு, "தப்பு பண்ணிட்டு ஒளியறீங்களா? கேமராவைப் போடுங்க"ன்னு நீங்க திட்டினது மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. "போட்டுதான் மேடம் இருக்கேன்"னு புள்ளை கெஞ்சறான், அங்க ஒருத்தரும் நம்பல. அவன் பொய் சொல்ற ரகமில்லீங்க, ஏதோ மிஷினு கோளாறு. நான் அன்னையிலேருந்து அவன் சாமான் எதையும் தொடறதில்ல, பொட்டும் வெக்கறதில்ல. இது தாயார் மேல ஆணை.

தாயார் கிருபையில உங்க புஸ்தகம் நல்லபடியா முடியணும், உங்க வீட்டுல எல்லாரும் நோய்நொடி இல்லாம இருக்கணும். திருச்சிப் பக்கம் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வாங்க, மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசியில பொங்கல் வெச்சுத் தரேன்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள,
பெ. வேணி

பி.கு.: கவரை ஒட்டறப்பத்தான் ஞாபகம் வருது. நீங்க மொதல்ல போன்ல திட்டினதுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, புள்ளைக்கு யார் கண்ணோ பட்டிருக்குன்னு, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து கம்ப்யூட்டரை மட்டும் தொடைச்சேன். மேல் விளிம்புல நட்டநடுவுல சின்னதா, உருண்டையா, கண்ணாடி மாதிரி ஒரு புள்ளி இருந்துச்சு, அச்சு அசல் நெத்தி. அதுக்குச் சந்தனத்தைக் கெட்டியாக் கொழைச்சு வெச்சு, மேல குங்குமமும் வெச்சேன்.