அக்குளில் கறுப்பு

அரைகுறையாகப் படித்தவன் செய்கிற தப்பு, படிக்காதவன் செய்வதைவிடப் பெரிதாக இருக்கும். நான் பறவைகளைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்சதூரத்தில் ஒரு குட்டை இருந்தது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி அதை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தார்கள். மனு மேல் மனு போட்டேன். ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் சேற்றோரத்தில் ஒரு உப்புக்கொத்தி, குளிர்காலத்தில் வலசை வரும் கரைப்பறவை, வந்து நின்றது.

குளிர்காலத்தில் சாம்பல் உப்புக்கொத்தியும் பொன்னிற உப்புக்கொத்தியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொன்னிறம் நம் பக்கம் சாதாரணம். சாம்பல், கடற்கரையை விட்டு இவ்வளவு உள்ளே வருவது அபூர்வம். நிச்சயமாகப் பிரித்தறிய வேண்டுமென்றால் அது பறக்க வேண்டும். சாம்பலுக்கு அக்குளில் கறுப்புத் திட்டு தெரியும். (ஆமாம், பறவைக்கும் அக்குள் உண்டு.) ஆனால் பறவையை விரட்டுவது பறவை பார்ப்பவர்களிடையே மகாபாவம். நான் பாவம் செய்யவில்லை. நின்ற பறவையைப் பார்த்தே சாம்பல் என்று முடிவு கட்டினேன். எனக்குச் சாம்பல்தான் தேவைப்பட்டது.

“லேசா மஞ்சள் அடிக்குதேங்க” என்றாள் பைனாகுலரை வாங்கிப் பார்த்த என் மனைவி ஸ்டெல்லா.

“அது வெயில்” என்றேன்.

மனுவில் ‘அபூர்வப் பறவை’ என்று எழுதியதும் ஒரு அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷூ சேற்றில் புதைய நின்றவருக்கு வகுப்பே எடுத்தேன். “பறக்கும்போது அக்குளை மட்டும் பாருங்க சார். கறுப்பா இருக்கும்.”

அந்த நேரம் பார்த்து மண் லாரி வந்தது. “இன்னா சார், குருவி பாத்துகினு வழில நிக்கிற? ஓரமா போ!” என்று கத்திவிட்டு, டிரைவர் மொத்தத்தையும் சரித்தார். சத்தத்தில் உப்புக்கொத்தி எழும்பியது. எங்கள் தலைக்கு மேலேயே, இறக்கையை நன்றாக விரித்துக்காட்டி, ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனது.

“அக்குள் சுத்தமா இருக்கே சார்?” என்றார் அதிகாரி. “அப்போ இது சாதாரணப் பறவைதானே?”

கண்ணெதிரே லாரி நிற்கிறது. குட்டைக்குள் இன்னும் மண் சரிகிறது. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதாரணப் பறவைக்கும் தண்ணீர் வேண்டும் சார் என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அங்கே கல்யாண மண்டபம். நான் எதையாவது உறுதியாகச் சொல்லிவிட்டால், அது மாம்பழத்தின் இனிப்பாகவே இருக்கட்டும், “அக்குளைப் பாத்தீங்களா?” என்பாள் ஸ்டெல்லா, கையைத் தூக்கிக் காட்டி. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கதை சொல்லியாயிற்று. குட்டையை மறந்துவிட்டார்கள், அக்குள் மட்டும் நிலைத்துவிட்டது. நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

போன ஜனவரியில் அதே மண்டபத்தில் ஒரு உறவினர் கல்யாணம். கார் நிறுத்தும் இடத்தில், டயர் தடத்தில் தேங்கிய தண்ணீரோரம் ஒரு உப்புக்கொத்தி நின்றது. முதுகெல்லாம் பொன்புள்ளி.

“இது என்ன பறவைங்க?” என்றாள் ஸ்டெல்லா. கை பாதி உயர்ந்திருந்தது.

“சாதாரணப் பறவை” என்றேன்.

அவள் கையை இறக்கிவிட்டாள்.