காற்றில் ஒரு பச்சைப் பட்டன்

தாளாளர் செங்கோடனின் கை பச்சைப் பட்டனைத் தாண்டிப் போய், எதிரே நின்ற துறைத்தலைவர் ரமேஷ்குமாரின் தொப்பையில் குத்தியது.

"பட்டன் இதானுங்களே?"

"அது என் வயிறு சார்," என்றார் ரமேஷ்குமார் பணிவாக.

வெண்ணிலா அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். காற்றில் மிதக்கிற பட்டனைத் தொட்டுக் கம்ப்யூட்டரை இயக்குவது எப்படி, அந்தப் பட்டனை எவ்வளவு தூரத்தில், எத்தனை பெரிதாக வைத்தால் மனிதர்களுக்கு வசதி என்று சொல்லித்தருகிற முப்பரிமாண இடைமுக வடிவமைப்பு என்ற பாடத்தை, அயோத்தியாப்பட்டணத்தை ஒட்டிய இந்தக் கல்லூரியில் தொடங்கிவிட வேண்டும் என்று நடையாய் நடந்தவள் அவள். பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்ததே அதற்காகத்தான். இன்று தாளாளர் பார்த்துச் சரி என்றால் இந்தப் பருவத்திலேயே பாடம் தொடங்கும். இல்லையென்றால் இந்த ஆய்வகம் பஸ் செக்‌ஷனுக்கு ஆபீஸாகிவிடும். அவள் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லித்தரப் போக வேண்டியதுதான்.

திருச்செங்கோட்டில் ரிக் லாரியோடு அலைந்து, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டு முன்னுக்கு வந்த மனிதர் செங்கோடன். அவருக்குப் பிடிக்கட்டுமே என்று ஒரு ரிக் லாரியையே உருவாக்கி வைத்திருந்தாள். மூவரும் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடி ஒரு கண்ணுக்கு ஒரு படமும் மறு கண்ணுக்குச் சற்றே விலகிய வேறு படமும் காட்டும். இரண்டும் சேர்ந்ததும் ரிக் திரையை விட்டு எழுந்துவந்து அறை நடுவே நிற்கும். அதன் முன்னால் மிதக்கும் பட்டனைத் தொட்டால், கேமரா கையைக் கவனித்து ரிக்கை ஓட்டும், தண்ணீர் பீய்ச்சியடிக்கும். காலையில் தொட்டுப் பார்த்த ரமேஷ்குமார் நனைந்துவிடுவோமென்று பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் கைய உங்க பக்கம் இழுத்துத் தொடுங்க ஐயா."

செங்கோடன் கையை இழுத்தார். இப்போது பட்டனுக்கு ஒரு முழம் இப்பால் வெறுங்காற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டன் தெரியுதுங்களா ஐயா?"

"தெரியாம என்ன? அம்சமா மிதக்குது அம்மிணி."

சரி, வைத்த இடம்தான் கோளாறு என்று பட்டனை இன்னும் முன்னால் இழுத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெரிதாக்கினாள். அது நேரே ரமேஷ்குமாரின் மூக்குக்கு வந்து நின்றது. அவர் பதறிப் பின்வாங்கியதில் மேசையிலிருந்த டீ அத்தனையும் கவிழ்ந்தது.

செங்கோடனின் கை அப்போதும் காற்றைத்தான் தட்டியது.

பட்டனை விடுவோம், ரிக்கையே பக்கத்தில் கொண்டுவருவோம் என்று நினைத்தாள். பாவம், அதுவும் வினையாகத்தான் முடிந்தது. துளை போடும் இரும்புக் கம்பி தலைக்கு மேலேயே வந்துவிட, ரமேஷ்குமார் சட்டென்று மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க ரமேஷ்குமாரு, அங்க என்ன தேடறீங்க?"

"கம்பி தலையில இடிக்க வருது சார்."

செங்கோடன் சற்று யோசித்துவிட்டு, "ஆமாமா, பலமாத்தான் வருது," என்று தாமும் குனிந்தார்.

வெண்ணிலாவுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நாள் உழைப்பு, ஒரு நிமிடம் ஒழுங்காகப் பார்த்தால் என்ன குறைந்துவிடுவார் என்று மனதுக்குள் பொருமினாள். கடைசி முயற்சியாக, கை பட்டனை நெருங்கும்போது மணி அடிக்கட்டும் என்று அவசரமாக ஒன்றைச் சேர்த்தாள். மணி ஒருமுறை கிணுகிணுத்தது. அத்தோடு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

திரும்பப் போட்டபோது முப்பரிமாணம் வரவேயில்லை. ரிக் வெறும் படமாகச் சுவரில் தட்டையாகக் கிடந்தது. இந்த நிலையில் கேமரா தூரத்தைப் பார்க்காது, பட்டனுக்கு நேராகக் கையை நீட்டினாலே போதும். செல்போன் பிடித்த எவருக்கும் இதில் புதுமை இல்லை.

"கண்ணாடியைக் கழட்டிடுங்க ஐயா. சும்மா பட்டனுக்கு நேரா கையக் காட்டுங்க," என்றாள்.

செங்கோடன் கையை நீட்டினார். ரிக் உறுமியது, தண்ணீர் சுவரெங்கும் பீய்ச்சியது. அவர் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். பிறகு அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரமேஷ்குமாரு, இந்தப் பாடத்த ஆரம்பிச்சுருங்க. அம்மிணியே நடத்தட்டும்," என்றார். "நான் வாரேன் சாமி."

அவர் போனதும் ரமேஷ்குமார் டீக்கறையோடு கைகொடுத்தார். வெண்ணிலாவுக்குச் சந்தோஷமே வரவில்லை. எதற்காக இந்தப் பாடமோ, அந்த முப்பரிமாணமே இல்லாதபோது பார்த்து ஒப்புக்கொண்டு போகிறார் மனிதர். நாளை பிள்ளைகள் முன்னால் நின்று எந்த முகத்தோடு பாடம் எடுப்பது? இதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் ஏமாற்று வேலை. சொன்னால் பாடம் போய்விடும். போனால் போகிறது, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று படியிறங்கினாள்.

செங்கோடனோடு ரிக்கில் வேலை பார்த்து, இப்போது அவருடைய கார் ஓட்டுகிற சின்னண்ணன் எதிரே ஏறி வந்தார்.

"ஐயா கிளம்பிட்டாருங்களா அண்ணே? அவர்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"அவருதானுங்க என்னை அனுப்புனாரு," என்று சின்னண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரிக்குல கல்லு தெறிச்சு எடது கண்ணு போனத இத்தன வருசமா நாங்க வெளிய சொன்னதில்லீங்க மேடம், நீங்க பாத்த ஒடனே கண்டுபுடிச்சு, நாலு பேரு முன்னால காட்டிக்குடுக்காம, ஒத்தக் கண்ணுக்குத் தோதா மாத்தி வெச்சீங்களாமா, அதையேதான் பசங்களுக்கும் சொல்லித்தரோணும்னு சொல்லச் சொன்னாருங்க."