மாசிலாமணிக்குக் கிடைத்த அட்மிஷன்

ஒரு காட்டில் மருத்துவக் கல்லூரிகள் பதினொன்று இருந்தன. கல்லூரிகளுக்கு வெளியே டாக்டர் ஒருவர்தான் இருந்தார். படித்து முடித்தவர்கள் எல்லாரும் ஆற்றைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே வரும் நோயாளிகள் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று பேச்சு. இங்கே எஞ்சியவர் ஒரு கொக்கு. அவரும் பறக்கச் சோம்பல்பட்டுத் தங்கியவர்.

அந்தக் காட்டின் தென்கோடியில், ஒரு வேங்கை மரத்தில், ஒரு தேவாங்கு தன் தாயோடு வாழ்ந்துவந்தது. அதன் பெயர் மாசிலாமணி. பெயர் என்று ஒன்று வந்துவிட்ட பிறகு அது, இது என்பது மரியாதையில்லை. இனி அவன் என்றே சொல்வோம்.

மாசிலாமணிக்கு டாக்டராக வேண்டும். அவன் அப்பா கொக்கு டாக்டரின் வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது செத்துப்போனார். நாற்பத்து நான்காவது ஆள் ஓர் இடம் முன்னால் நகர்ந்தது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாசிலாமணி. அன்றைக்கு எடுத்த முடிவு அது. அவன் வாழ்க்கையில் சட்டென்று எடுத்த முடிவும் அது ஒன்றுதான்.

மற்றபடி, தன்னைப் பற்றி அவனுக்கு மயக்கம் எதுவும் கிடையாது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கை மாற்ற அவனுக்கு ஒரு முற்பகல் ஆகும். "எனக்கு உடம்புக்கு வந்தா நானே என்கிட்ட வர மாட்டேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

நுழைவுத் தேர்வில் அவனுக்கு மதிப்பெண் மோசமில்லை; பிரமாதமும் இல்லை. கீழே இருந்தால் அழுதுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மேலே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் யோசனை. இந்த வருஷமே போடுவதா, அடுத்த வருஷம் போடுவதா? ஒரு கல்லூரிக்குப் போடுவதா, பதினொன்றுக்கும் போடுவதா? விண்ணப்பம் போடக் கடைசி நாள் அமாவாசை. மாசிலாமணி யோசிக்க உட்கார்ந்தபோது வளர்பிறை.

அவனோடு தேர்வெழுதிய முயல் குணவதிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் பதினொன்றுக்கும் போட்டுவிட்டாள்.

"சேற்றுக்காட்டுக் காலேஜுக்குமா? அங்க டீன் முதலையாச்சே" என்று கேட்டான் மாசிலாமணி.

"அதுக்கென்ன. முதல் வருஷத்துல டீனை யாருடா பாக்கப் போறா."

"முதலைக்கு உன்னைப் பாக்கணும்னு தோணிச்சுன்னா?"

"அப்ப ஓடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குணவதி ஓடிப்போனாள்.

மாசிலாமணி ஆலோசனை மையத்துக்குப் போனான். மையத்தை நடத்தியவர் வண்ணமுத்து என்ற பச்சோந்தி. எந்த இலையில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த நிறத்தில்தான் ஆலோசனை வரும். குணவதி போனபோது தளிரில் உட்கார்ந்திருந்தார். "உடனே போடு" என்றார். மாசிலாமணி போய்ச் சேர்வதற்குள் பழுத்த இலைக்கு மாறிவிட்டார்.

"அவசரப்படாத, தம்பி. ஒரு வருஷம் பொறு. அனுபவம் சேர்த்துக்கோ. பழுத்த விண்ணப்பத்துக்குத்தான் மதிப்பு" என்றார்.

பொறு என்று சொல்பவரை மாசிலாமணிக்கு எப்போதும் பிடிக்கும். பொறுத்தான். அந்த வருஷம் குணவதிக்குச் சேற்றுக்காட்டில் இடம் கிடைத்தது. காதை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தாள்.

மாசிலாமணி அனுபவம் சேர்க்கக் கொக்கு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். ஒரு டோக்கனில் எண் எழுத அவனுக்கு ஆகும் நேரத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் தானாகவே விட்டுவிட்டது. கொக்கு டாக்டர் நியாயமானவர். "இவர் கைபட்டு இருவர் குணமடைந்தனர்" என்று அனுபவச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார். மாசிலாமணி அதைப் படித்துக் கூச்சப்பட்டான். ஆனாலும் உறை போட்டு வைத்துக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் வந்தது. இப்போது விண்ணப்பிப்பது என்பது முடிவாகிவிட்டது. எத்தனைக்கு என்பதுதான் பாக்கி. ஒரு வருஷம் பொறுத்துப் பழுத்தவன் கண்ட கல்லூரிக்கும் போடலாமா? காட்டிலேயே உயர்ந்தது மலைமுகட்டுக் கல்லூரி. அதற்கு மட்டும் போட்டான்.

அவன் அம்மா பொன்னுத்தாயி அவன் கிளைக்கு இறங்கி வந்தாள். "ஒண்ணே ஒண்ணா? ஒத்தைக் கிளையப் பிடிச்சுத் தொங்கறவன் தேவாங்கே இல்லடா."

"கண்ட இடத்துல போட்டா, நமக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்மா."

"நம்பிக்கை இருக்கா?"

மாசிலாமணி இந்தக் கேள்வியை நேர்மையாக யோசித்தான். பதில் கிடைப்பதற்குள் அமாவாசை கடந்துவிட்டது.

அந்த ஒரு விண்ணப்பத்தை அனுப்பியதே பெரும்பாடாகத்தான் இருந்தது. புகைப்படம் இருபது கேபிக்குள் இருக்க வேண்டும் என்று விதி. அவன் கண்கள் மட்டுமே இருபது கேபி வந்தன. மூக்கையும் வாயையும் வெட்டிவிட்டு, கண்களை மட்டும் ஏற்றினான். ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாரும் படத்தைப் பார்ப்பதில்லை என்பது அப்போது தெரிந்தது.

முகட்டுக் கல்லூரியில் நேர்காணல். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் திருவேங்கடம், காட்டெருமை. "ஏன் டாக்டராகணும்?" என்று கேட்டார்.

மாசிலாமணிக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. வரிசை ஞாபகம் வந்தது. அந்த நாற்பத்து நான்காவது ஆள் நகர்ந்தது ஞாபகம் வந்தது. இதையெல்லாம் எப்படிக் கோப்பது என்று யோசித்தான். குழு தேநீர் குடித்தது. குழு சாப்பிடப் போய்த் திரும்பி வந்தது. "எங்கப்பா" என்று அவன் ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டது.

ஆனாலும் அந்தச் சான்றிதழ் வேலை செய்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். பொன்னுத்தாயி மரத்துக்கு மரம் போய் "எம் மவன் முகட்டுல முதல் இடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எந்தப் பட்டியலில் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட விலகவில்லை. மாசிலாமணி மழைக்காலம் முழுக்க, இடம் கிடைத்தவர்கள் யாருக்காவது வேறு நல்ல வாழ்க்கை அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். பிறகு, டாக்டராகப் போகிறவன் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். வேண்டுதலை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாம் வருஷம். காட்டுச் சட்டப்படி மூன்று வருஷத்துக்கு மேல் அந்த மதிப்பெண் செல்லாது. இதுதான் கடைசி. வண்ணமுத்துவிடம் மறுபடி போனான். அவர் அன்றைக்குத் தளிரில் இருந்தார்.

"ஏன் தம்பி ரெண்டு வருஷத்தை வீணாக்கின? யாரு உன்னைப் பொறுக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நான் பழுத்த இலையில இருந்தப்ப சொன்னதையெல்லாம் நம்பலாமா?" என்று வருத்தமாகக் கேட்டார் வண்ணமுத்து. "பதினொண்ணுக்கும் போடு. ஒண்ணையும் விடாத."

போட்டான். ஒவ்வொரு கல்லூரியும் "எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று ஒரு கட்டுரை கேட்டது. பதினோரு கட்டுரைகள். ஏழாவதுக்கு மேல் எது எந்தக் கல்லூரி என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. நேர்காணல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. மாசிலாமணி பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓடினான். வழியில் பார்த்தவர்கள் காட்டுத் தீ என்று நினைத்து அவர்களும் ஓடினார்கள்.

சேற்றுக்காட்டில் முதலை டீன் அவன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "'உங்கள் கல்லூரியின் குளிர்ந்த மலைக்காற்றைச் சிறுவயது முதலே நேசிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே. இங்கே மலை எந்தப் பக்கம்?"

மாசிலாமணி சன்னல் வழியே பார்த்தான். சேறு. "மனசுல சார்" என்றான்.

முதலை கண்ணீர் விட்டது. இடம் தரவில்லை.

மூங்கில் புதரில், பாறையிடுக்கில், நாணல்கரையில் என்று பத்து இடத்திலும் இப்படியே ஏதாவது ஒன்று நடந்தது. பதினொன்றாவதுக்கு, அதாவது முகட்டுக்கு, சரிவில் ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பதினோரு உறைகள். ஒரு கையில் போன். மற்ற இரண்டும் கிளையில். அப்போது போன் அதிர்ந்தது. கலந்தாய்வு அலுவலகத்தின் ஓடிபி. முப்பது நொடிக்குள் போடாவிட்டால் பதினொரு விண்ணப்பமும் ரத்து.

முப்பது நொடியில் ஆறு எண்களைத் தட்டுவது தேவாங்குக்கு எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை மற்றவர்கள் உணர முடியாது. ஒரு கை போதாது. உறைகளைக் கீழே விட மனசு வரவில்லை. கிளையை விட்டான்.

நான்கு எண்கள் போட்டுவிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

விழுந்த இடம் முகட்டுக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் பின்பக்கம். இடது கால் முறிவு, விலாவில் இரண்டு. குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த அணில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெயர் கேட்டு எழுதி, முத்திரை குத்தியது.

"அட்மிஷன் போட்டாச்சு. உள்ளே போங்க."

மாசிலாமணி வலியில் கண்ணை மூடியிருந்தான். ஆனாலும் அந்த வார்த்தையை அவன் காது விடவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

மறுநாள் காலை வார்டில் பேராசிரியர் திருவேங்கடம் முப்பது மாணவர்களோடு வந்து அவன் கட்டிலைச் சுற்றி நின்றார். மூன்றாமாண்டு வந்தால் மற்ற கல்லூரி மாணவர்களும் பயிற்சிக்கு முகட்டுக்குத்தான் வருவார்கள். வெள்ளைக் கோட்டில், காதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, குணவதி நின்றாள். அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். தலைமாட்டுச் சீட்டைப் பார்த்தாள். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

"முயல், நீ சொல்லு. விலா முறிஞ்சவனுக்கு முதல்ல எதைக் கவனிப்ப?" என்று கேட்டார் பேராசிரியர்.

குணவதிக்குப் பதில் தெரியவில்லை. சேற்றுக்காட்டில் இரண்டு வருஷமும் முதலையிடமிருந்து ஓடுவதிலேயே போய்விட்டது. 

"மூச்சு" என்றான் கட்டிலில் கிடந்த மாசிலாமணி. "முதல்ல மூச்சைப் பாக்கணும் சார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குதான்னு. அப்புறம்தான் வலிக்கு மருந்து."

இரண்டு வருஷமாகக் கொக்கு டாக்டரின் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் படித்த பாடம் அது. மெதுவாகச் சொன்னான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் முப்பது பேரும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்கள். பேராசிரியர் தன் வகுப்பில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை.

"எந்த பேட்ச் நீ?"

"பதினாலாம் நம்பர் கட்டில் சார்."

மாலையில் பொன்னுத்தாயி பதறிக்கொண்டு வந்தாள். வாசலில் அணில் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "அட்மிஷன் இங்கேதான்" என்றது. அவள் உள்ளே வந்து மகனின் காலைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், சுற்றி நின்று குறிப்பெடுக்கிற கோட்டுகளைப் பார்த்தாள்.

"உசிருக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லம்மா."

"இங்க தினம் பாடம் நடக்குமா?"

"காலையில ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு."

அவள் அவன் தலையைத் தடவினாள். அவன் அப்பாவை இங்கே கொண்டுவந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்று ஒரு கணம் நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையிறங்கினாள். இறங்கும் வழியெல்லாம், "எம் மவனுக்கு முகட்டுல அட்மிஷன்" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டே போனாள். இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் பேராசிரியர் திருவேங்கடம் தனியாக வந்து கட்டிலோரம் நின்றார். கொம்பைச் சுவரில் தேய்த்தார்.

"பசங்களுக்குப் பரீட்சை வருது. தன் நோயைத் தானே தெளிவா, நிறுத்தி நிதானமாச் சொல்ற நோயாளி எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல. நீ இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே கிடந்தா நல்லது."

"எவ்வளவு காலம் சார்?"

"ஒரு அஞ்சரை வருஷம். அவசரமில்ல, ஆற அமர யோசிச்சுச் சொல்லு."

மாசிலாமணி யோசிக்கவில்லை. பேராசிரியர் வாய் மூடுவதற்குள் கையைத் தலைக்கடியில் வைத்து, போர்வையை இழுத்துக்கொண்டு, படுத்துவிட்டான்.

நீதி: எப்போது விண்ணப்பிப்பது, எத்தனை இடத்துக்கு விண்ணப்பிப்பது என்று எண்ணி யாரும் மனம் தளர வேண்டாம். எந்த மருத்துவக் கல்லூரியிலும் இருக்கைகளைவிடப் படுக்கைகளே அதிகம்.